சமூகத் தொழில்முனைவும் பொருளாதார ஏற்றத்தாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில் தொடங்க நினைக்கும் மாணவர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள், ஓய்வுபெற்ற பிறகு ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்றிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பொதுவாகப் பேசினால் எல்லாத் திட்டமும் நல்ல திட்டமாகத்தான் தெரியும். அதனால் பாதிப் பதில்களை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை வைத்தே சொல்லியிருக்கிறேன். மற்றவை இடையிடையே வரும்.

சமூகத் தொழில்முனைவு என்றால் என்ன?

ஒரு சமூகப் பிரச்சினையைத் தீர்ப்பதற்காகவே தொடங்கப்பட்டு, தன் செலவை முழுவதுமோ பெரும்பகுதியோ தானே சம்பாதித்துக்கொள்ளும் தொழில். பொருளையோ சேவையையோ விற்கும், கணக்கு வைக்கும், மிச்சமும் பிடிக்கும். அந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பதில்தான் சாதாரணத் தொழிலிலிருந்து வேறுபடுகிறது. முதலாளியின் பைக்குப் போகாமல் அதே வேலைக்குத் திரும்பி வந்தால், அல்லது அதில் உழைப்பவர்களுக்கே பங்காகப் பிரிந்தால், அதைச் சமூக நிறுவனம் என்று சொல்லலாம்.

அப்படியானால் தொண்டு நிறுவனம்?

நன்கொடை நின்றால் நின்றுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். நன்கொடையில் நடப்பதால் அது தாழ்ந்தது என்று அர்த்தமில்லை. மனநலம் குன்றியவர்களுக்கான இல்லம் போன்ற சில வேலைகளை அப்படித்தான் நடத்த முடியும்.

ஏற்றத்தாழ்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பணக்காரர்கள் பணக்காரர்களாகத்தானே இருக்கப் போகிறார்கள்?

ஆமாம், இருப்பார்கள். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் இந்தியாவின் மொத்தச் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருந்தது. எந்தச் சமூக நிறுவனமும் அந்த எண்ணை அசைத்ததில்லை. அசைக்க வேண்டுமானால் வரி, நிலம், கூலி, கல்வி ஆகியவற்றில் கை வைக்க வேண்டும்.

ஆனால் ஏற்றத்தாழ்வுக்கு இன்னொரு முகம் உண்டு. இல்லாதவர்தான் எல்லாவற்றுக்கும் கூடுதல் விலை கொடுக்கிறார். காய்கறிச் சந்தையில் காலையில் 900 ரூபாய் கையில் வாங்கி, சாயங்காலம் 1,000 ரூபாயாகத் திருப்பித் தருகிறார் தள்ளுவண்டிக்காரர். ஒரே நாளில் 11 சதவீதத்துக்கு மேல் வட்டி. மாதச் சம்பளக்காரர் வங்கியில் அதே வட்டியை ஒரு வருடத்துக்குக் கட்டுகிறார். குழாய் வராத தெருவில் குடம் கணக்கில் தண்ணீர் வாங்குபவருக்கும், மருத்துவமனை இல்லாத ஊரிலிருந்து வாடகை வண்டி பிடித்து வருபவருக்கும் இதே கதைதான். சமூகத் தொழில்முனைவு நன்றாக வேலை செய்த இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தக் கூடுதல் விலையைத்தான் அது உடைத்திருக்கிறது. வருமானத்தை உயர்த்தியதாகச் சொல்லத்தக்க இடங்கள் குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே, இந்தத் துறையில் பேசப்படும் பேச்சில் பாதியைச் சலித்தெடுத்துவிடலாம்.

அரவிந்த் எப்படித் தொடங்கியது?

1976இல், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில், 11 படுக்கைகளுடன். தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகுதான் மருத்துவமனை தொடங்கினார். வீடு அடமானத்துக்குப் போனது, குடும்பத்துப் பெண்களின் நகைகளும் போயின. 11 படுக்கைகளில் 6 பணம் கட்ட முடியாதவர்களுக்கு, 5 கட்டுபவர்களுக்கு என்று முதல் நாளிலேயே பிரித்துவிட்டார்கள். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே அதில் இறங்கியது.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் இதைக் கவனியுங்கள். அதே சமயம் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் 58 வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளத் தொடங்கவில்லை. அரசு மருத்துவராக இருந்தபோதே ஊர் ஊராகக் கண் முகாம்கள் நடத்தியவர். முகாமில் என்ன செலவாகும், யார் வருவார், யார் வரமாட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பாதிப் பேருக்கு இலவசம் என்றால் பணம் எங்கிருந்து வருகிறது? பணக்காரரிடம் கூடுதலாக வாங்கி ஏழைக்குச் செலவழிக்கிறார்களா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே பணம் கட்டுபவர் மற்ற தனியார் மருத்துவமனைகளில் கட்டுவதைவிடக் கூடுதலாகக் கட்டுவதில்லை. ஒரு அறுவைக்கு ஆகும் செலவையே அவர்கள் மிகவும் குறைத்துவிட்டார்கள். அதனால் சாதாரணக் கட்டணம் வாங்கினாலே, கட்டாதவருக்கும் சேர்த்து மிச்சம் வந்துவிடுகிறது. முகாமில் வரும் ஏழைகளின் கண்புரை அறுவைக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்து ஒரு தொகையும் வரும்.

செலவைக் குறைத்தது எப்படி என்பதுதான் பார்க்க வேண்டியது. அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவிகளை அடுக்கித் தயாராக வைத்திருப்பார்கள். இந்தக் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்கிவிடுவார். இடையில் காத்திருப்பு என்பதே கிடையாது. இந்தியாவில் ஒரு கண் மருத்துவர் சராசரியாக ஆண்டுக்குச் சில நூறு அறுவைகள் செய்கிறார் என்றால், அங்கே ஒருவர் 2,000 வரை செய்கிறார். கண் மருத்துவரின் நேரம்தான் இந்தத் தொழிலில் மிக விலையுயர்ந்த சரக்கு. அதில் ஒரு நிமிடம்கூட வீணாகாமல் பார்த்துக்கொண்டதில்தான் செலவு இறங்கியது.

இதற்கு ஆள் வேண்டுமே? கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவப் பணியாளர்களாக்குகிறார்கள். பார்வை பரிசோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, அரங்கில் உதவுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. மொத்தப் பணியாளர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் மருத்துவர் செய்கிறார்.

அந்தப் பெண்களின் உழைப்பில்தானே இந்தச் சிக்கனம் நடக்கிறது?

நியாயமான கேள்விதான். மருத்துவர் நேரத்தை மிச்சப்படுத்தும் எந்த முறையும், அந்த வேலையைக் குறைந்த சம்பளத்தில் செய்யும் வேறொருவரின் தோளுக்கு மாற்றுகிறது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு, ஊரில் மதிப்பான வேலை. இவையெல்லாம் சரி. ஆனாலும் ஒரு சமூக நிறுவனத்தை மதிப்பிடும்போது வாடிக்கையாளர் எவ்வளவு பயனடைந்தார் என்று மட்டும் எண்ணிவிட்டு, கடைநிலைப் பணியாளர் பத்து வருடம் கழித்து எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்காமல் விடுவது பழகிப்போன ஓரவஞ்சனை. எந்த நிறுவனமானாலும் இதைக் கேளுங்கள்.

இவ்வளவு வேகமாகச் செய்தால் தரம் கெடாதா?

கண்புரை அறுவையில் பயப்பட வேண்டியது கண்ணுக்குள் வரும் கிருமித் தொற்று. அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தும் முறையை அரவிந்த் மருத்துவர்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். தொற்று விகிதம் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. பத்தாயிரம் பேருக்கு 7 என்றிருந்தது 2 ஆகிவிட்டது. இத்தனை லட்சம் கண்களை வைத்து ஆராய ஒரு சிறு மருத்துவமனையால் முடியாது. கை ஓயாமல் ஒரே வேலையைச் செய்பவரின் கை தேர்ந்திருக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இலவசப் பிரிவிலும் கட்டணப் பிரிவிலும் மருத்துவர்கள் மாறி மாறி வேலை செய்கிறார்கள். அறையில் வித்தியாசம் உண்டு. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் பாய். கண்ணுக்குள் நடப்பதில் வித்தியாசம் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி.

அந்த விதியை எப்போதும் காப்பாற்ற முடிந்ததா?

இல்லை. இந்தக் கதையிலேயே மிகச் சுவையான பகுதி இதுதான்.

1980களில் கண்புரை அறுவையின் முறை மாறியது. அதற்கு முன் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுப்பார்கள். பொருள்கள் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் பார்வை இருக்காது, கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. இப்போது கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை வந்துவிட்டது. ஆனால் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்று 100 டாலருக்கு மேல். பணம் கட்டியவருக்கு லென்ஸ் கிடைத்தது. முகாமில் வந்தவருக்குச் சோடாபுட்டிதான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வகைப் பார்வை.

ஏழை நாடுகளுக்கு லென்ஸ் தேவையில்லை, கண்ணாடியே போதும் என்று அப்போது உலக அளவில் நிபுணர்கள் பலர் வாதிட்டார்கள். அரவிந்த் அதை ஏற்காமல் 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கியது. தொழில்நுட்பத்தைப் பெற்றுத்தர அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை, அமெரிக்கச் சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீன் போன்றவர்கள் உதவினார்கள். லென்ஸ் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதி. ஆரோலேப் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தமானது என்பதை அடிக்கோடிட வேண்டும். பங்குச் சந்தைக்குப் போயிருந்தால் அந்த விலை இறக்கம் பங்குதாரர்களின் லாபமாகியிருக்கும்; நோயாளிக்கு வந்திருக்காது.

வசதி இருப்பவரும் இலவசப் பிரிவுக்குப் போய்விட மாட்டாரா?

சிலர் போகலாம். அரவிந்தில் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பிரிவு என்பதை நோயாளியே முடிவு செய்கிறார். தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்குவது என்றால், உண்மையான ஏழைதான் முதலில் கழன்றுகொள்வார் என்பது எல்லாருக்கும் தெரியும். பாயில் படுக்க மனமிருக்கும் வசதிக்காரர் ஒருவர் இரண்டுபேர் உள்ளே வந்துவிட்டால் குடி முழுகிவிடாது.

இலவசம் என்ற பிறகும் ஏன் பலர் வரவில்லை?

கிராமங்களில் கண் பிரச்சினை இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று 1990களில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. காரணங்கள் மருத்துவத்துக்கு வெளியே இருந்தன. பஸ் கட்டணம். கூட ஒருவர் வர வேண்டும், அவருடைய கூலியும் போகும். ஆடு மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும். "இந்த வயசுல எனக்கு எதுக்குக் கண்ணு" என்று சொல்லும் பாட்டிக்கு, மகன் வீட்டில் செலவு வைக்கக் கூடாது என்ற கவலை.

அதனால் முகாமில் தேர்வானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடித்து, ஊரிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். 2004க்குப் பிறகு சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. ஒரு சின்ன அறை, பயிற்சி பெற்ற பெண் ஒருவர், இணையம் வழியாக மதுரையிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ பார்க்கும் மருத்துவர். பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடி மாற்றினாலே போதும், மருத்துவமனைக்குப் போகவே வேண்டாம். விலை பூஜ்யம் என்பதும் செலவு பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல. இது எந்த இலவசத் திட்டத்துக்கும் பொருந்தும்.

சரி, இதே முறையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமா? புற்றுநோய்க்கு? கல்விக்கு?

பெரும்பாலும் முடியாது. கண்புரை அறுவை இந்த முறைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்றது. சில நிமிட வேலை, எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒருமுறை செய்தால் போதும், மறுநாள் கட்டுப் பிரித்தால் பலன் கண்முன்னே தெரியும். நீரிழிவு அப்படியல்ல, சாகும்வரை தொடரும். புற்றுநோய் ஆளுக்கு ஆள் மாறும். பள்ளிக்கூடத்தில் வேகம் கூட்டினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் துறையின் அரவிந்த்" என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், அவர்கள் வேலையில் எந்தப் பகுதி இப்படித் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கக்கூடியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பெயர் வெறும் அலங்காரம்.

விலையைக் குறைப்பது இருக்கட்டும். வருமானத்தை உயர்த்திய உதாரணம் உண்டா?

உண்டு, அவற்றில் பெரும்பாலானவை கூட்டுறவுகள். மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் இன்று சுமார் 45,000 பெண்களின் உடைமை. காலையில் மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், தேய்த்துக் காயவைத்துத் திருப்பித் தந்து கூலி வாங்குகிறார்கள், லாபத்திலும் பங்கு. குஜராத்தில் 1946இல் தனியார் பால் வணிகருக்கு எதிராகத் தொடங்கிய கைரா மாவட்ட கூட்டுறவுதான் பின்னர் அமுல் ஆனது; சுமார் 36 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் அதில் இருக்கிறார்கள். இவற்றை யாரும் "சமூகத் தொழில்முனைவு" மாநாடுகளில் மேடையேற்றுவதில்லை. ஒரு நாயகர் முகத்துக்குள் அடங்காதவை என்பதாலோ என்னவோ.

நாயகர் முகம் உள்ள உதாரணம் வேண்டுமென்றால் கோவை அருணாசலம் முருகானந்தம். சானிட்டரி நாப்கின் செய்யும் வெளிநாட்டு இயந்திரம் கோடிகளில் விற்றபோது, அதே வேலையைச் செய்யும் எளிய இயந்திரத்தை ஒரு லட்சத்துக்கும் குறைவான விலையில் உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ. நாப்கின் கம்பெனி ஒன்றைத் தொடங்கிப் பெரிய ஆளாகியிருக்கலாம். மாறாக இயந்திரத்தைச் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். அவரவர் ஊரில் அவரவர் பெயரில் நாப்கின் செய்து விற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். விலையும் குறைகிறது, வேலையும் உண்டாகிறது. ஆனால் ஒரு குழு இயந்திரம் வாங்குவது எளிது, தொலைக்காட்சி விளம்பரத்தோடு வரும் பொட்டலத்துக்குப் பக்கத்தில் தன் பொட்டலத்தை மருந்துக்கடையில் வைக்கவைப்பது கடினம். இயந்திரத்துக்கு மானியம் தருபவர்கள் விற்பனைக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் நல்லது.

மைக்ரோ பைனான்ஸ் சமூகத் தொழில்முனைவா? எங்கள் தெருவில் வாராவாரம் வசூலுக்கு வந்து மானத்தை வாங்குகிறார்களே?

தொடங்கியது அப்படித்தான். வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கம் ஜோப்ரா என்ற கிராமத்தில் 1976இல் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குத் தன் கைப்பணம் 27 டாலரைக் கடன் கொடுத்தார். 1983இல் அது கிராமீன் வங்கி ஆனது. 2006இல் அமைதிக்கான நோபல். தமிழ்நாட்டிலும் 1989இல் தர்மபுரியில் அரசு தொடங்கிய மகளிர் குழுக்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தன. முதலில் சேமிப்பு, அப்புறம்தான் கடன்.

கோணல் எங்கே வந்தது? ஆந்திராவில் லாபநோக்கில்லாத அமைப்பாகத் தொடங்கிய எஸ்.கே.எஸ். நிறுவனம் பின்னர் நிதி நிறுவனமாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. பங்கு விலை ஏற வேண்டுமென்றால் கடன் புத்தகம், அதாவது கொடுத்து வைத்திருக்கும் மொத்தக் கடன், வளர வேண்டும். கடன் புத்தகம் வளர வேண்டுமென்றால் ஏற்கெனவே மூன்று கடன் வைத்திருக்கும் பெண்ணுக்கு நான்காவது கொடுக்க வேண்டும். பல நிறுவனங்களும் இதே ஓட்டத்தில் இருந்தன. வசூல் நெருக்கடி, தற்கொலைச் செய்திகள், அக்டோபரில் மாநில அரசின் அவசரச் சட்டம். இரண்டே மாதங்களில் எல்லாம் முடிந்தது. 2011இல் ரிசர்வ் வங்கி வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு போட்டது. 2022இல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைகள் போகக் கூடாது என்று மாற்றியது. தமிழ்நாடு 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

கடன் வறுமையைப் போக்குமா என்று இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் வெளிவந்தன. சிலருக்குச் சின்னச் சின்ன நன்மைகள் உண்டு, சராசரிக் குடும்பத்தின் வருமானம் மாறிவிடவில்லை என்பதுதான் பொதுவான முடிவு. கந்துவட்டிக்காரரிடமிருந்து தப்பிக்க ஒரு வழி என்ற அளவில் குழுக்கடன் பயனுள்ளது. மேலே சொன்ன அதே கணக்குதான்: கடனின் விலை குறைந்தது, கூலி உயரவில்லை.

இப்போது தெருவில் நடப்பதற்கு நேரடிப் பதில்: கடன் எழுத்தில் இருக்கிறதா, நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்ததா என்று பாருங்கள். அகால நேரத்தில் வருவது, அசிங்கமாகப் பேசுவது, ஒருவர் கட்டாததற்காக உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் தொல்லைப்படுத்துவது இவையெல்லாம் ரிசர்வ் வங்கி விதிகளுக்கு எதிரானவை. நிறுவனத்தின் குறைதீர் எண்ணில் முதலில் புகார் செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மிரட்டல் என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே காவல் நிலையம்.

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஏழைக்கும் ஷாம்புவைக் கொண்டுபோனது. அதுவும் இதில் சேருமா?

கடலூர் சின்னிகிருஷ்ணன் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று கண்டுபிடித்தது நல்ல வியாபார மூளை. ஏழையிடம் விற்பது வேறு, ஏழைக்காக நடத்துவது வேறு. சேராது.

அரசு செய்ய வேண்டிய வேலையை இவர்கள் செய்வதால் அரசு தப்பித்துக்கொள்கிறதே?

அந்த ஆபத்து உண்டு. ஆனால் அரவிந்தின் கதையைக் கொஞ்சம் சுரண்டினால் அடியில் அரசுதான் தெரியும். வெங்கடசாமி அரசுக் கல்லூரிப் பேராசிரியர். கண் முகாம் முறையை அரசுப் பணியில்தான் கற்றார். தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் அதே 1976இல்தான் தொடங்கியது. பிளஸ் டூ படித்த கிராமத்துப் பெண்கள் கிடைத்தார்கள் என்றால் அதற்கு முன் அந்த ஊர்களில் பள்ளிக்கூடம் இருந்தது, சத்துணவு இருந்தது, பஸ் போனது. இவையில்லாத மாநிலத்தில் இதே மருத்துவமனையை நடத்துவது பலமடங்கு கடினம்.

விலையை உடைக்கும் வேலையை அரசே செய்த உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. 1995இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக டெண்டரில், வணிகப் பெயரில்லாமல் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கணினியில் கணக்குப் பார்த்தது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போய் இதையே செய்தன. அங்கே தொழில்முனைவர் யாரும் இல்லை, அதிகாரிகள் இருந்தார்கள். என் கருத்து: கோடிக்கணக்கானவர்களுக்குப் போக வேண்டியது அரசு வழியாகத்தான் போகும். சமூக நிறுவனம் வழியைக் கண்டுபிடித்துக் காட்டலாம்.

எந்தச் சட்ட வடிவில் பதிவு செய்வது?

மிச்சத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றால் அறக்கட்டளை, அல்லது 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் சங்கம், அல்லது கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் கம்பெனி. 8ஆம் பிரிவுக் கம்பெனியில் லாப ஈவு கொடுக்க முடியாது. கணக்கு ஒழுங்கு கடுமை, அதனாலேயே நிதி தருபவர்களுக்கு நம்பிக்கை. உழைப்பவர்களே உடைமையாளர்களாக இருக்க வேண்டும் என்றால் கூட்டுறவுச் சங்கம் அல்லது உற்பத்தியாளர் நிறுவனம். பின்னதற்கு உற்பத்தியாளர்கள் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. விவசாயிகள், நெசவாளர்கள் என்றால் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

முதல் பணம்?

2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அதில் கொஞ்சம் கேட்கலாம். ஆனால் ஆண்டுக் கணக்கில் வரும், ஆண்டுக் கணக்கில் நிற்கும். அதை நம்பி ஆள் எடுக்காதீர்கள். சமூகப் பங்குச் சந்தை என்று 2023 முதல் ஒன்று இயங்குகிறது. பெயர் பங்குச் சந்தையே தவிர, லாபநோக்கில்லாத அமைப்புகளுக்கு அங்கே கிடைப்பது வட்டியும் அசலும் திருப்பித் தரவேண்டாத பத்திரப் பணம், அதாவது கணக்குக் காட்டக் கட்டாயம் உள்ள நன்கொடை. பதிவுக்கும் தணிக்கைக்கும் ஆகும் செலவைப் பார்த்தால் சின்ன அமைப்புக்கு அது ஆகாது. சின்னதாகத் தொடங்குபவருக்கு இன்றும் முதல் பணம் சொந்தச் சேமிப்பும் தெரிந்தவர்களும்தான்.

நாங்கள் தொடங்கவில்லை, எங்கள் ஊரில் ஒரு கண் முகாம் நடத்த வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டியிருக்கும்?

பக்கத்திலுள்ள கண் மருத்துவமனையின் முகாம் பிரிவில் பேசுங்கள். மருத்துவக் குழு, கருவிகள், அறுவை அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், தன்னார்வலர்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாட்டாளர் பொறுப்பு. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், வியாபாரிகள் சங்கம், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம் எல்லாம் இப்படித்தான் நடத்துகின்றன. பள்ளிக்கூடம்தான் வசதி: பெஞ்சு இருக்கும், கழிப்பறை இருக்கும், பார்வைப் பலகையிலிருந்து நோயாளி நிற்க வேண்டிய தூரத்துக்கு வராண்டா இருக்கும். பதிவு, பார்வைச் சோதனை, மருத்துவர், கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணாடி அளவு என்று வரிசையாக மேசைகள் போட வேண்டும். அறுவைக்குத் தேர்வானவர்களின் வீட்டுக்கு அன்றைக்கே தகவல் சொல்ல ஒரு ஆளைத் தனியாக வையுங்கள். வீட்டுக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று பஸ் ஏற மறுப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

நோட்டீஸ் அடிப்பதும் ஆட்டோவில் மைக் கட்டுவதும் செய்யுங்கள்தான். ஆனால் நோட்டீஸைப் படிக்கக் கண் தெரியாதவர்கள்தான் வர வேண்டியவர்கள். அங்கன்வாடிப் பணியாளர், நூறு நாள் வேலைப் பொறுப்பாளர், ரேஷன் கடைக்காரர் ஆகியோரிடம் பெயர்ப் பட்டியல் கேட்டு, முந்தின வாரமே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். நடவு, அறுவடை நாட்களில் முகாம் வைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அதே இடத்தில் மறுபடி கூட வேண்டும். அந்தத் தேதியையும் அன்றைக்கே பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லி வாங்கிவிடுங்கள்.